ஃபின்டன் வண்டியில் கேட்ட டொக்

என் அண்ணன் ஃபின்டன் மனிதர்களோடு பேசுகிற ஆள் இல்லை. கவுன்சிலில் ரோடு வேலை. முப்பத்தோரு வருஷமாக ராஸ்காமன் பக்கத்துக் கிளைச் சாலைகளில் தார் ஊற்றிக் குழி மூடுகிறான். கூட லாரியில் போகிறவர்களுக்குக் காலையில் ஒரு 'ம்' கிடைக்கும், சாயங்காலம் இறங்கும்போது இன்னொரு 'ம்'. வீட்டிலும் அதே கதைதான். அண்ணி அட்ராக்டா அவனுக்கும் சேர்த்துப் பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போனவள்.

ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் அவனுக்கு வாய் திறக்கும். கண் ரோட்டில் இருக்குமா, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அந்தத் தைரியம். எங்கள் அப்பா இறந்த சேதியை எனக்கு வண்டியில் வைத்துத்தான் சொன்னான். மகள் டெர்வ்லா நர்ஸ் படிப்பில் ஒரு தடவை பெயிலாகி வீட்டுக்கு வந்தபோது, அவளை முன் சீட்டில் உட்கார வைத்து ஸ்லைகோ கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பினான். என்ன சொன்னானோ, அடுத்த வாரமே அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு டப்ளினுக்குப் போய்விட்டாள்.

அந்த டெர்வ்லாவுக்கு ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கல்யாணம். கல்யாணம் முடிந்து பதினைந்தாம் நாள் புருஷனும் பெண்டாட்டியும் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். பெர்த்தில் இரண்டு பேருக்கும் வேலை. இது தெரிந்த வாரம் ஃபின்டன் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தான். ஏறி உட்கார்ந்தேன்.

"கல்யாணத்தன்னைக்கு அவள சர்ச்சுக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன், கான்செப்டா. பன்னண்டு நிமிஷம். அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பவே சொல்லித் தொலையேன். வீட்டுலதான இருக்கா?"

"வீட்டுல வராது."

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வண்டியை நிறுத்திவிடுவான், அதோடு பேச்சும் நின்றுவிடும்.

மாப்பிள்ளை லோர்கன் தங்கமான பையன். அவனுடைய அம்மாதான் கொஞ்சம் மினுக்கு. தொப்பி போட்ட டிரைவரோடு நீளமான வெள்ளைக் கார் ஒன்றைப் பேசி வைத்திருந்தாள். டெர்வ்லா அவள் முகத்துக்கு நேராகவே, "எங்க அப்பா வண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அந்த வண்டிக்கு வயது இருபத்தொன்று. பின்பக்கம் கோழித்தீவன மூட்டை வாசம் அடிக்கும். போன மாதம்தான் அரசாங்கப் பரிசோதனையில் பாஸாகியிருந்தது. ஃபின்டன் அந்தச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு மூன்று நாள் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

கல்யாண வாரம் திங்கட்கிழமை காலை, முதல் முக்கில் பிரேக் அடித்தான். அடியில் டொக். கிளப்பினான். மறுபடி டொக்.

செவ்வாய்க்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருத்தன் வண்டியில் சத்தம் வந்தால் அது அவன் சொந்த விஷயம் இல்லை. கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவன் எல்லாம் குனிந்து பார்த்துவிட்டு ஒரு முடிவு சொல்வான். தபால்காரி பேரிங் என்றாள். பங்குச் சாமியார் சைலன்சர் என்றார், அவருக்கு எல்லாமே சைலன்சர்தான். கடைக்காரன், "நீ மூடின குழியிலதானப்பா ஓட்டுற, பின்ன வேற எப்படி இருக்கும்?" என்றான். ஃபின்டன் 'ம்' என்றான்.

மெக்கானிக் மலாக்கி எங்கள் அடுத்த வீடு. பள்ளிக்கூடத்தில் ஃபின்டனோடு ஒரே பெஞ்ச். அன்றைக்குச் சாயங்காலம் அவன் என்னை வண்டியின் பின்பக்கத் தரையில் குப்புறப் படுக்கச் சொன்னான்.

"காத தரையில வச்சுக் கேளு. முன்னாடியா, பின்னாடியான்னு மட்டும் சொல்லு."

"எனக்கு அம்பத்தெட்டு வயசுடா, பாவி."

"காதுக்கு வயசாகலையே. ஊர்ல எவன் எவளோட போறான்னு இன்னும் கேக்குதுல்ல?"

படுத்தேன். ஃபின்டன் ஓட்ட, மலாக்கி வெளியே மூச்சிரைக்கக் கூடவே ஓடிவந்தான். பிரேக் அடித்தால் டொக், கிளப்பினால் டொக். குழியில் இறங்கினால் ஒன்றும் இல்லை. முன்பக்கம்தான் என்று சொன்னேன். எழுந்தபோது என் ஸ்வெட்டர் பூராவும் கோழித்தீவனம்.

புதன்கிழமை மலாக்கி ஷாக் அப்சார்பரை மாற்றினான். டொக். ரப்பர் புஷ்களை மாற்றினான். டொக். ஃபின்டன் வேலை முடிந்து வந்து வண்டிக்குள் இருந்ததையெல்லாம் முற்றத்தில் கொட்டினான். ஜாக்கி, மண்வெட்டி, ஒற்றை ரப்பர் பூட்ஸ், காலி தீர்த்த பாட்டில், டெர்வ்லாவின் சின்ன வயது மழைக்கோட்டு. வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தான். அப்போதும் டொக்.

"சக்கரத்தப் பிடிச்சிருக்கிற பால் ஜாயின்டா இருந்தா சக்கரம் தனியா போயிரும்," என்றான் மலாக்கி. அந்த வாய் அங்கே திறந்திருக்க வேண்டாம். அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"அப்படின்னா முடிஞ்சுது. என்ன சத்தம்னு தெரியாம என் பொண்ணு அதுல ஏற மாட்டா. நாளைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குள்ள கண்டுபிடிங்க. இல்லன்னா நான் சம்பந்தியம்மாவுக்கு போன் போட்டு வெள்ளைக் கார வரச் சொல்லிருவேன்."

டெர்வ்லா ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தாள். அவன் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டினான். எனக்கு அண்ணிமேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே, என்னத்தைச் சொல்ல.

வியாழக்கிழமை ஃபின்டன் லீவு போட்டான். முப்பத்தோரு வருஷத்தில் அவன் போட்ட மூன்றாவது லீவோ நாலாவது லீவோ. காலையிலிருந்து வண்டியை மலாக்கியின் பட்டறையில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு மலாக்கி கையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் பாத்தாச்சு, ஃபின்டன். எல்லாமே கெட்டியா இருக்கு" என்றான்.

"அந்தத் தட்டு?"

எஞ்சினுக்கு அடியில் சேறு அடிக்காமல் இருக்க ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு உண்டு. அதன் முன் ஓரம் எப்போதோ கழன்று கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்க்ரூவெல்லாம் துரு. தொட்டா உடையும். அதுல என்ன இருக்கப் போவுது?"

ஃபின்டன் டிரில்லை எடுத்தான். ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் துளைத்தான். நாலாவது போனதும் தட்டு சாய்ந்தது. உள்ளேயிருந்து உருண்டையாக ஒன்று விழுந்து, சிமென்ட் தரையில் உருண்டு வந்து என் செருப்பருகே நின்றது.

குழந்தை இயேசுவின் தலை. கன்னத்தில் தார். முகத்தில் புன்னகை மட்டும் கலையவில்லை.

மலாக்கி சிலுவை போட்டுக்கொண்டான். ஃபின்டன் தொப்பியைக் கழற்றினான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மழை வரக் கூடாது என்றால் குழந்தை இயேசு சுரூபத்தை வேலியோரம் வெளியே வைப்பார்கள். தானாகத் தலை உடைந்தால் இன்னும் விசேஷம், வெயில் நிச்சயம். வேண்டுமென்று உடைத்தால் பலிக்காது. வழக்கமாக முதல் நாள் ராத்திரி வைத்தால் போதும். வாரம் முழுக்க மழை என்று டிவியில் சொன்னதும் அண்ணி ஞாயிற்றுக்கிழமையே வைத்துவிட்டாள். திங்கள் காலை ஃபின்டன் வண்டியைத் திருப்பும்போது வேலியோரம் ஏற்றி இறக்கியதில் சுரூபம் சாய்ந்து தலை உடைந்திருக்கிறது. தொங்கிய தட்டு கரண்டி மாதிரி தலையை அள்ளிக்கொண்டது.

தலையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போய் அண்ணியின் சாப்பாட்டு மேஜையில் வைத்தோம். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"தல இல்லன்னு திங்கக்கிழமையே தெரியும்," என்றாள்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க, அண்ணி?"

"பின்ன? தானா போன தல. யார் உடச்சான்னு தேடினா பலன் போயிரும். மனசுக்குள்ள நன்றி சொல்லிட்டுக் கம்முனு இருந்தேன்."

நாலு நாள் இந்த மனுஷன் நாயாக அலைந்திருக்கிறான், இவள் நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வேறு எந்த நாட்டிலாவது சிலையின் தலை காணாமல் போனால் வீட்டுக்காரி ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்.

"அத அங்கேயே வச்சிருங்க," என்றாள் அடுத்து. "அது போன எடத்துல இருந்து எடுத்தா மழ வந்துரும்."

"எதுல, எஞ்சினுக்கு அடியிலயா?" என்றான் மலாக்கி.

டெர்வ்லா சிரித்துச் சிரித்து மேஜையில் கவிழ்ந்துவிட்டாள். கடைசியில் தலையை வேலியோரம் உடம்புக்குப் பக்கத்தில் வைப்பதென்று முடிவானது, ஒட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. சம்பந்தியம்மாவுக்குப் போன் போகவில்லை.

சனிக்கிழமை சுள்ளென்று வெயில். அண்ணி முதலிலேயே தேவாலயத்துக்குப் போய்விட்டாள். டெர்வ்லா கவுனோடு பின் சீட்டில், கவுன் கசங்காமல் பிடித்துக்கொள்ள பக்கத்தில் நான். வண்டி கிளம்பியது. ஒரு சத்தம் இல்லை. ஃபின்டனிடமிருந்தும் ஒரு சத்தம் இல்லை. ஐந்து நிமிஷம் போனது, எட்டு நிமிஷம் போனது. அவன் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. பேசேன்டா, பேசேன்டா என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

தேவாலய வாசல் வந்தது. ஊரே நின்றிருந்தது. லோர்கன் கையைத் தூக்கினான். ஃபின்டன் வேகத்தைக் குறைக்காமல் தாண்டிப் போனான்.

"அப்பா, சர்ச் போயிருச்சு," என்றாள் டெர்வ்லா மெதுவாக.

"தெரியும்."

சதுப்புச் சாலையில் திரும்பினான். அதற்கப்புறம்தான் வாய் வந்தது.

"ஏர்போர்ட்டுக்கு என்னக் கூப்பிடாத, டெர்வ்லா. அம்மா வருவா, அத்தை வருவா. நான் வர மாட்டேன். உன்ன அங்க விட்டுட்டு வெறும் சீட்டோட திரும்ப ஓட்டிட்டு வர என்னால ஆகாது. கோபம்னு நெனச்சுராத. அதான் சொல்லணும்னு இருந்தேன்."

நான் கவுனின் ஓரத்திலேயே கண்ணைத் துடைத்தேன்.

"நிறுத்துப்பா," என்றாள் அவள்.

நிறுத்தினான். அவள் இறங்கி, கவுனைச் சுருட்டி அள்ளிக்கொண்டு முன் சீட்டில் வந்து ஏறினாள். பாதித் துணி அவன் மடியில், மீதி கியர்மேல்.

"இன்னொரு ரவுண்டு போப்பா."

அவன் துணிக்குள் கையை விட்டு கியரைத் தேடினான். அகப்படவில்லை. அவள் அவன் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள், தன் கையை எடுக்கவில்லை. அவன் வண்டியைக் கிளப்பி இரண்டாவது கியர் போட்டான். அதற்குமேல் மாற்றவே இல்லை. சதுப்பைச் சுற்றி ஆறு மைலும் இரண்டாவது கியரிலேயே போனோம்.