கடலை உரிக்கும் வைத்தியம்

ஆலங்குடியில் சொர்ணத்துக்குக் கடலை டாக்டர் என்று பெயர். படித்தது என்னவோ மூன்றாங் கிளாஸ்தான். புருஷன் போன பிறகு பட்டணத்துக்கு ரயிலேறி, அங்கே மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டு வருஷம் ஆயாவாக இருந்தவள். அங்கே அவள் கண்டுகொண்டது ஒன்றுதான்: கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் ஊர் திரும்பினாள். மனசு சரியில்லை என்று யார் வந்தாலும் சுளகையும் விதைக்கடலையையும் முன்னால் தள்ளி, "பருப்பு ஒடையாம உரிங்க, பாப்போம்" என்பாள். ஊரையே வெளுத்து வாங்கும் வாய், எதிரே ஆள் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அடங்கிவிடும். அது அவளுக்கு எத்தனை பெரிய தவம் என்று ஊருக்கே தெரியும்.

நாற்பத்திரண்டில், ஆடிப்பட்டம் விதைத்து மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தெரு மூக்காயி மூச்சிரைக்க வந்தாள்.

"மருமகளுக்கு முனி அடிச்சிருச்சுக்கா. ஆறு நாளா பேச்சில்ல, சோறில்ல. கோடாங்கி அழகுமலை வெள்ளிக்கிழமை வந்து வேப்பங்குச்சியால அடிச்சு வெரட்டுறேங்குறாரு. கருப்புச் சேவலும் புடிச்சுக் கட்டியாச்சு."

"அடிச்சா முனி ஓடுதோ இல்லியோ, புள்ள ஓடிரும். வெள்ளி வரைக்கும் அவள எங்கிட்ட விடு" என்றாள் சொர்ணம்.

மருமகள் செவந்தி கோட்டைப்பட்டினத்துப் பக்கம் கருவாட்டு வியாபாரியின் மகள். கல்யாணமாகி இரண்டு மாசம்தான். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து உரித்தாள். முதல் நாள் ஒரு பருப்புகூட முழுசாக வரவில்லை. மறுநாள் பாதி உடைந்தது. சொர்ணம் நாக்கைக் கடித்துக்கொண்டு கூடவே உரித்தாள். வியாழன் மத்தியானம், உள்ளங்கையில் ஒரு முழுப் பருப்பை வைத்துக்கொண்டு செவந்தி அழுதாள்.

"நான் கைவச்சா வெதை மொளைக்காது பெரியம்மா."

அந்த வீட்டில், புதுப்பெண் ஏருக்குப் பின்னால் போய் முதல் கைப்பிடி விதையைப் போட வேண்டும். போட்டாள். காடெல்லாம் பச்சை பிடித்தது, அவள் போட்ட இடம் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. எறும்பு தின்றிருக்கும் என்று மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். அவள் தினமும் போய்ப் பார்த்தாள்.

"என் வயிறும் அப்புடித்தான் ஆகும். தெரிஞ்சா அத்தை என்னய பொறந்த வீட்டுக்கே அனுப்பிருவாக."

சொர்ணம் எழுந்தாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மாமியாரையும் மருமகளையும் காட்டுக்கு இழுத்துப் போனாள். மொட்டை இடத்தைக் கொத்தினாள். ஊறி நைந்த பருப்பு ஒன்று வந்தது. நசுக்கி முகர்ந்தவளுக்குச் சிரிப்பு முட்டியது.

"மூக்காயி, வெதைச்ச அன்னைக்குச் சாமிக்கு என்ன வச்ச?"

"வெதைக்கடலை ஒரு கிண்ணம், படையலுக்கு வறுத்த கடலை ஒரு கிண்ணம். ரெண்டுக்கும் மஞ்சத்தண்ணி தெளிச்சு..." மூக்காயி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "அடி ஆத்தி. வறுத்ததையா எடுத்துக் குடுத்தேன்? அதான் பிரசாதம் பச்சையா இருந்துச்சு. சாமி குத்தம் ஆயிரும்னு எல்லாரும் மென்னு முழுங்கினோமே!"

கடற்கரைப் பெண், பாவம், மஞ்சள் பூசிய கடலையில் வறுத்தது எது, பச்சை எது என்று என்னத்தைக் கண்டாள்? செவந்தி அந்தப் பருப்பையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், விக்கல் எடுக்கிற அளவுக்குச் சிரித்தாள். மூக்காயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தப்புக்கு ஒன்னய அடிக்க விடப் பாத்தேனே தாயி" என்று அழுதாள். சாயந்தரமே அந்த இடத்தில் செவந்தி பச்சை விதை போட்டாள்.

வெள்ளிக்கிழமை கோடாங்கி உடுக்கையோடு வந்தார். செவந்தியே பாய் விரித்து, நடந்ததை முதலிலிருந்து இரண்டு தடவை சொன்னாள். அவர் வேப்பங்குச்சியை மெல்லப் பின்னால் தள்ளிவிட்டு, "அப்ப சேவலு?" என்றார்.

"முனிக்குப் பசிச்சாச் சொல்லுங்க, கொழம்பு வச்சுத் தாரேன்" என்றாள் செவந்தி.

குழம்பை அவரே ஒரு கை பார்த்தார். அதற்குப் பிறகு முனி அடித்த கேஸையெல்லாம் முதலில் சொர்ணத்திடம்தான் அனுப்பினார்.

பச்சை விதை போட்ட எட்டாம் நாள் மூக்காயி மறுபடியும் ஓடி வந்தாள்.

"மொளைச்சிருச்சுக்கா, ஒண்ணு பாக்கியில்லாம! ஆனா இவ வாயிதான் இப்ப மூடவே மாட்டேங்குது. அதுக்கு ஏதும் மருந்து இருக்கா?"

"கெடையாது" என்றாள் சொர்ணம். "இருந்தாலும் தரமாட்டேன், போடி."