ஹவுராவின் தடித்த கிளாம்ப்

பெஹாலாவில் என் வீட்டிலிருந்து கிளம்பி, படகில் ஆற்றைக் கடந்து, ஹவுராவின் அந்தச் சந்துக்குள் நுழைவதற்குள் எனக்குப் பாதிக் கோபம் ஏறியிருக்கும். மீதியை அங்கே ஓடும் இயந்திரங்களின் சத்தம் ஏற்றிவிடும். சோலார் பேனல்களுக்குத் தாங்கு சட்டம் செய்யும் கம்பெனியில் எனக்குக் கொள்முதல் வேலை. பேனலைச் சட்டத்தோடு கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதையும் இங்கேயே செய்ய வைக்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு நான் பிடித்த இடம்தான் அந்தச் சந்து.

பட்டறையை நடத்தியவர் ஒரு வங்காளப் பெண்மணி. என்னைவிட மூத்தவர் என்பதால் தீதி என்று கூப்பிடுவேன். ரயில்வேக்கு இரும்புச் சாமான் செய்தே வளர்ந்த பட்டறை அது. அந்த ஆர்டர்கள் வற்றிவிட்டன. இந்தக் கிளாம்பும் கைநழுவினால் மூடிவிடுவது என்று தீதி முடிவெடுத்திருந்தார்.

முதல் மாதிரியைக் கையில் வாங்கியதுமே எனக்குப் பகீரென்றது. வரைபடத்தில் இருப்பதைவிடத் தடிமனாக, கனமாக இருந்தது.

"இரும்பு கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன். அதுக்குக் காசு வேண்டாம்," என்றார் தீதி. அவர் பேசியது வங்காளம்தான். இந்த ஊருக்கு வந்த இத்தனை வருஷத்தில் அது என் காதில் தமிழாகவே விழப் பழகிவிட்டது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ரயிலுக்கு வேலை செய்து பழகிய கைகளுக்கு, மெல்லிய இரும்பில் செய்துகொடுப்பது ஏமாற்று வேலையாகப் படும். தீதி தடித்த தகடு எடுத்திருந்தார். சந்தின் கோடியில் துத்தநாகம் பூசுகிறவர் தன் பங்குக்கு இன்னொரு பூச்சு அப்பியிருந்தார். விளைவு, போல்ட் மறுபக்கம் எட்டவே இல்லை.

சென்னையிலிருந்து மேலாளர் போனில் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, பேசாம வெளியிலேர்ந்தே வரவழைச்சுடலாமே? விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் காலைல கடைசி டெஸ்ட். அதுக்கு மேல என்னால தள்ள முடியாது."

தீதியிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "மெலிசா செஞ்சு, புயல்ல பேனல் பறந்தா?"

"காத்தையும் கணக்குல எடுத்துத்தான் வரைஞ்சிருக்காங்க தீதி. கனமா இருந்தா வெளிநாட்டுச் சரக்கோட விலையில நிக்கவே முடியாது."

தீதி வரைபடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்றே, பக்கத்துக் கொட்டகையில் துளையிடுகிறவரையும் பூசுகிறவரையும் தன் பட்டறைக்குக் கூப்பிட்டு, வரைபடத்தை நடுவில் விரித்து உட்கார்ந்துவிட்டார். வாக்குவாதம் தெருமுனை வரை கேட்டது. அதன்பின் தகடு எந்தக் கொட்டகைக்குப் போனாலும் தீதியும் அளவுகோலோடு கூடவே போனார். கூடுதலாகப் போடத் துடிக்கும் தன் கையை அடக்குவதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

பூஜையன்று, மறுநாள் டெஸ்டுக்கான கிளாம்புகளை வாங்கிவரப் பதறியடித்துக்கொண்டு போனேன். நம் ஆயுத பூஜை மாதிரிதான், ஆனால் இங்கே பட்டமும் விடுவார்கள்; வானமெல்லாம் பட்டம். இயந்திரங்கள் மாலை போட்டுக்கொண்டு நின்றன. அன்று யாரும் அவற்றைத் தொட மாட்டார்கள். புதிய கிளாம்புகளோ சாமி காலடியில், சுத்தியல், ஸ்பேனர்களோடு குங்குமம் அப்பிக் கிடந்தன.

"போச்சு! இதையும் இன்னிக்கு எடுக்கக் கூடாதா?" என்று கத்தியே விட்டேன்.

தீதி என் கையில் பூஜைப் பிரசாதமான கிச்சுடித் தட்டைத் திணித்தார். "கருவியைத்தான் எடுக்கக் கூடாது. இது சரக்கு. சரக்கு கிளம்பணும்." குங்குமத்தைத் தன் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பையில் போட்டார்.

மறுநாள் சோதனைக் கூடத்தில் பேனலைக் கிளாம்பில் மாட்டி, மேலும் மேலும் பாரம் ஏற்றி இழுத்தார்கள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். கிளாம்ப் அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே தீதிக்குப் போன் போட்டேன்.

"பாஸ் ஆயிடுச்சு தீதி! ஆர்டர் நமக்குத்தான். சந்து முழுக்க வேலை இருக்கு!"

 அந்தப் பக்கம் தீதி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"கொஞ்சம்கூட வளையலையா?"

"இல்ல தீதி."

"அப்போ, இன்னும் கொஞ்சம் மெலிசாக்கலாமா?"