தேதி மறக்கும் போர்டு

கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தாள் ராணி. மதர்போர்டின் மூலையில் இருந்த சின்ன பாட்டரி கசிந்து, சுற்றிலும் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. பூஜைச் செம்பில் ஏறுகிற அதே பச்சை. செம்பென்றால் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். இது மறுநாளே திரும்ப வந்தது. இப்போது போர்டின் மெல்லிய கோடுகளையும் அரிக்கத் தொடங்கியிருந்தது.

மைசூர் அக்ரஹாரத்தில் வீட்டின் முன்னறையைக் கடையாக்கி, அவள் கணவர் சேகரன் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுக்கொடுத்து வந்தார். ராணியின் அப்பா சேலத்திலிருந்து வந்த கொத்தனார். அவள் பிறந்ததும் டைப்ரைட்டிங் படித்ததும் மைசூரில்தான். பலன் சொல்வது அவர் வேலை, மெஷினைக் கட்டி மேய்ப்பது இவள் வேலை என்று ஆகிவிட்டது. மழை நாளில் திரை உறைந்தால் எங்கே தட்டவேண்டும், எந்த ஒயரை அழுத்தவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கரண்ட் போய் வந்தால் போர்டு தேதியை மறந்து 1980 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். இன்றைய தேதியை அடித்த பிறகுதான் ஜாதகம்.

"நமக்கு வயசாகுது, இதுக்கு மட்டும் தெனமும் புதுவருஷம்" என்று சிரிப்பார் சேகரன்.

அன்று காலை மார்க்கெட்டுக்குப் போய் ராணி திரும்பியபோது, தேவம்மா கடையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். ஹனூர்ப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் செல்லக்கண்ணு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"நாளைக்குக் காலைல ஆபரேஷன்தானே?"

"இல்லீங்கக்கா. வேண்டாம்னு சொல்லத்தான் ஓடறனுங்க. சனி தசைல ராகு புத்தியாமா, ஒடம்புல கத்தி படக்கூடாதுன்னு அய்யா சொல்லிப்போட்டாருங்க. மாதேஸ்வரன் மலைல முடியெறக்கச் சொன்னாருங்க. எங்கூட்டுக்காரருக்கும் இன்னைக்கு வலியே காணோம், எந்திரிச்சு உக்காந்துக்கிட்டாரு."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"அவரு கத்தறதுக்குன்னே இருக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே தேவம்மா பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கமலம்மாள் தன் தங்கை பையனுக்கு ஜாதகம் கணிக்க வந்தாள். பையனுக்கு மூன்று வயது. சேகரன் பிறந்த தேதியை அடித்தார். அந்தத் தேதி இன்னும் வரவில்லை, தவறு என்றது மெஷின். மறுபடி அடித்தார். மறுபடியும் அதே.

"நான் சரியாத்தானே சொன்னேன்? பொறந்த புள்ளைய இன்னும் பொறக்கலேங்குது, நல்லா இருக்கு உங்க மெஷின்!"

ராணி அடுப்பை விட்டு வந்து எட்டிப் பார்த்தாள். கை நீட்டி இரண்டு விசை தட்டினாள். 1980 ஜனவரி ஒன்று.

"காலைல கரண்ட் போச்சா?"

"ஒரு நிமிஷம் போச்சு."

சேகரன் அவசரமாகத் தேதியை மாற்றி, ஜாதகத்தைப் போட்டுக்கொடுத்து, கமலம்மாளை அனுப்பிவைத்தார். ராணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்ப தேவம்மாவுக்கு?"

"சும்னிரு ராணி, பேசாதே."

"பதினேழு வருஷத்துக்கு முந்தின தசைங்க அது. மறுபடி போடுங்க."

அவர் போட்டார். நடப்பு புதன் தசை என்று வந்தது. கத்தி ஆகாது என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

ராணி தெருமுனை பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டு மூச்சிரைக்க வந்தாள்.

"மத்தியானமே கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். நர்ஸ் சொல்றா, டாக்டர் கேட் வரைக்கும் பின்னாடியே போனாராம். திடீர்னு வலி நின்னா அது கொணமில்லே, உள்ள ஒடஞ்சிருக்கும்னு சொல்லிப் பாத்தாராம். கேக்கலையாம்."

சேகரன் திரையையே பார்த்தார். "மலையிலேர்ந்து வந்ததும் சொல்லிக்கலாம். போர்டு கெட்டிருக்குன்னு வெளிய தெரிஞ்சா எவன் நம்ம வாசப்படி ஏறுவான்?"

"வந்ததுமா? ராத்திரி கொள்ளேகால்ல அவ அண்ணன் வீட்டுலதான் தங்குவாங்க, விடிஞ்சாதான் மலை பஸ்ஸு. இப்பக் கெளம்பினா புடிச்சுடலாம். நான் சொன்னா அவ நம்பமாட்டா, தப்பாப் போட்டுட்டேன்னு நீங்கதான் சொல்லணும். வர்றீங்களா?"

சேகரன் எழுந்தார். நாற்காலியில் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பாமல் குளிக்க உள்ளே போனார்.