குழிவாயில் விட்டுவைத்த வெள்ளைக்காய்

போன வருட மழைக்காலத்தில், மைசூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் உட்கார முடியாமல் எழுந்துவிடுகிறேன்.

வீட்டில் தமிழ் பேசினாலும் நான் பள்ளியில் கன்னட ஆசிரியை. மொழி இல்லாமல் சிந்தனையே இல்லை என்று இருபது வருடமாக வகுப்பில் முழங்கியவள். பக்கவாதம் வந்து என் கணவரின் பேச்சு மொத்தமாகப் போனபோது அந்த வாக்கியமே என்னைக் கொன்றது. கரண்டியைக் காட்டி இது என்ன என்று தமிழில் கேட்பேன், கன்னடத்தில் கேட்பேன். கரண்டியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டிருக்கிறது என்றார் டாக்டர். வார்த்தையே போன பிறகு உள்ளே என்ன மிச்சம் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன்.

அவரைப் பார்த்துக்கொள்ள நான் எடுத்த விடுப்பு முடியும் நேரத்தில் கொள்ளேகாலிலிருந்து கொழுந்தனார் வந்தார். அண்ணனை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றார்.

"அண்ணனுக்கு எதுவும் வெளங்கறதில்லீங்க அண்ணி. எத்தனை நாளைக்கு நீங்க தனியா மல்லாடுவீங்க?"

என் கணவரை எதிரில் வைத்துக்கொண்டே பேசினோம். நானும் பாதி சம்மதித்துவிட்டேன்.

வெளியே மழை. பொழுது போகாமல் கொழுந்தனார் பரணிலிருந்து கேரம் போர்டை இறக்கி, இவரையும் எதிரே உட்கார வைத்தார். வலது கை வராததால் இவர் இடது கையால் சுண்டினார். முதலில் ஸ்டிரைக்கர் எங்கெங்கோ ஓடியது. பிறகு ஒவ்வொரு காயாக விழ ஆரம்பித்தது. ஆனால் ஒரு குழிவாயில் வெள்ளைக்காய் ஒன்று, ஊதினாலே விழுந்துவிடும் போல நின்றது. இவருடைய காய்தான். அதை மட்டும் தொடவே இல்லை. பாவம், கண்ணில் படவில்லை போல என்று நான் விரலால் காட்டினேன். கொழுந்தனார் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

கடைசியில் அந்த ஒரு காயும் நடுவில் இருந்த சிவப்பு ராணிக்காயும்தான் இவருக்குப் பாக்கி. நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டுச் சுண்டினார். சிவப்பு, ஓரக் கட்டையில் மோதித் திரும்பி நேராகக் குழிக்குள் போனது. சிவப்பைப் போட்டால் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றைப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு வெளியே வந்துவிடும். இவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஸ்டிரைக்கரை நகர்த்தி, அந்த வெள்ளைக்காயை லேசாகத் தட்டினார். விழுந்தது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இதற்காகவே விட்டுவைத்திருக்கிறார்! அத்தனை அடிக்கு முன்பே திட்டம் போட்டிருக்கிறார். எந்த மொழியில் போட்டார்? நான் கைதட்டிக் கத்தியே விட்டேன். இவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார், அதே பழைய கேலிச் சிரிப்பு. அப்படியானால் சற்று முன் நாங்கள் பேசியதும் புரிந்திருக்குமே என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு காய்களை அடுக்கினார். "அண்ணா, இன்னொரு ஆட்டம் போடலாங்களா?"

இல்லத்துப் பேச்சு அதோடு நின்றது. பகலில் துணைக்கு ஓர் ஆள் வைத்துக்கொண்டேன். இவர் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வகுப்பில் அந்த வாக்கியத்தை நான் சொல்வதை விட்டுவிட்டேன், வீட்டில் இவரைப் பற்றி எது முடிவு செய்வதானாலும் முதலில் எதிரே உட்கார்ந்து இவரிடம்தான் கேட்கிறேன்.