விற்காத பாட்டிலைத் திரும்ப வாங்கியது

தி.நகர் ஆபீஸில் அன்று காலை எங்கள் மேனேஜர் முதல் வேலையாக ஒரு வார்த்தையைத் தடை செய்தார். அந்த வார்த்தை 'ரீகால்', அதாவது கெட்ட சரக்கைத் திரும்ப வாங்குவது.

"டாக்டர்கிட்ட போய் ரீகால் கீகால்னு எவனும் வாயைத் திறக்கக் கூடாது. பேட்ச் மாத்திக் குடுக்கறோம், அவ்ளோதான்."

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு மருந்து கம்பெனியில் மெடிக்கல் ரெப். மலச்சிக்கலுக்கு டாக்டர் சீட்டில் மட்டும் தரும் எங்கள் சிரப்பில் ஒரு பேட்ச்சில் கிருமி கலந்திருக்கலாம் என்று ஃபேக்டரியிலிருந்து ஃபேக்ஸ் வந்திருந்தது. திடகாத்திரமான ஆளை ஒன்றும் செய்யாதாம். ஆபரேஷன் ஆன பலவீனமான உடம்பென்றால் ரத்தம் வரை போய்விடுமாம். ஆபரேஷன் ஆனவர்கள் முக்காமல் இருக்கத்தான் அந்த சிரப்பையே எழுதிக் கொடுப்பார்கள். என்ன பொருத்தம் பாருங்கள்!

கடைகளில் விற்ற பாட்டில்களைக் கணக்கெடுக்க ஒரு படிவம் தந்தார்கள். டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சாம்பிள்களும் அதே பேட்ச்தான். அவற்றுக்குப் படிவத்தில் இடமே இல்லை.

"சாம்பிளை என்ன சார் பண்றது?" என்று கேட்டேன்.

"விற்பனைக்கல்லன்னு லேபிள்லயே போட்டிருக்கேய்யா. விக்காததை எப்படித் திரும்ப வாங்குவே?"

"குடிக்கறதுக்கல்லன்னு போடலையே சார்."

அந்த வருஷம் எனக்குப் பிரமோஷன் வரவில்லை.

மந்தைவெளியில் ஒரு லேடி டாக்டர். "இதைவிடச் சுத்தமான சிரப் மெட்ராஸ்லயே கிடையாது டாக்டர்" என்று முந்தின வாரம்தான் மூன்று சாம்பிளை அவர் மேஜையில் அடுக்கியிருந்தேன். ஓடினேன். இரண்டு அலமாரியில் அப்படியே இருந்தன.

"மூணாவதை சாந்தோம் மீன்கார மேரிக்குக் குடுத்தேன். அவ வீட்டுக்காரருக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருக்கு" என்றவர், நான் கிருமி விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார். "மெட்ராஸ்லயே சுத்தமான சிரப், இல்ல?" என்றார். மேரியின் விலாசத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு மேரியின் வீட்டுக்குப் போனேன். பாட்டில் மாற்ற வந்திருக்கிறேன் என்று மேனேஜரின் பாடத்தை ஒப்பித்தேன். டாக்டரிடம் உண்மையைச் சொன்னவன் மேரியிடம் பொய் சொன்னேன், வெட்கமாக இருக்கிறது.

"இன்னாத்துக்கு சார் மாத்தணும்? மருந்து நல்லாத்தான் கீது, பாதி காலி. இவருக்குத்தான் நேத்துலேர்ந்து உடம்பு அனலா கொதிக்குது. வெயிலுக்குன்னு நெனச்சிக்கினு கீறேன்."

பாதி பாட்டிலை வாங்கிப் பையில் போட்டேன்.

ஆட்டோ பிடித்து இருவரையும் டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் கிருமி விஷயத்தையும் இங்கிலீஷில் சீட்டில் எழுதி உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பத்து நாள் ட்ரிப்ஸ், ஊசி. மேரியின் வீட்டுக்காரர் பிழைத்தார். காய்ச்சல் பாட்டிலால் வந்ததா, தையல் போட்ட இடத்தால் வந்ததா என்று ஆஸ்பத்திரி டாக்டர்களாலேயே சொல்ல முடியவில்லை. எங்கள் மேனேஜருக்கு மட்டும் தி.நகரில் உட்கார்ந்தபடியே தையல்தான் என்று தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு நாள் கிளினிக் வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தேன். மேரி வந்து, பேப்பரில் சுற்றிய வஞ்சிரத்தை என் கையில் வைத்தாள்.

"நீ மட்டும் அன்னிக்கி வரலேன்னா என் தாலி போயிருக்கும் நைனா. நல்லா இருப்பே."

வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். முடியவில்லை.

"அந்த பாட்டில்ல கிருமி இருக்கலாம்னுதாம்மா தேடிக்கிட்டு வந்தேன். டாக்டரம்மாகிட்ட அதைக் குடுத்ததே நான்தான்."

மேரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா கேடு? மாத்த வந்தேன், மாத்த வந்தேன்னு கத வுட்டுக்கினு இருந்தியே!" என்றவள் கையை நீட்டினாள். "மீனக் குடு."

கொடுத்தேன்.

அன்றிலிருந்து எந்த பேட்ச் சாம்பிள், எந்த டாக்டர் என்று என் டைரியில் குறித்து வைத்தேன். மை தண்டம் என்றார் மேனேஜர். இப்போது ரெப் வேலைக்கு வரும் பிள்ளைகளே, நீங்களும் தண்டம் பண்ணுங்கள். திரும்ப வாங்கப் போகிறபோது ஏன் என்பதையும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் சர்வீஸில் ஒழுங்காக நடந்த ரீகால் அந்த வஞ்சிரம் ஒன்றுதான். விற்காத பொருள், படிவமும் கிடையாது, காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லித்தான் மேரி வாங்கிக்கொண்டு போனாள்.