கூமாப்பட்டியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ராஜபாளையத்தில் என் கூடப்பிறந்தவர்களே என்னிடம் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடுகிற டிரெஸ்ஸர் வேலை எனக்கு. மலையடிவாரத்தில் குளிர்காய்ச்சல் பரவி, ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துவரச் சொன்னார் டாக்டர். என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது, பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஊசியைத் தீயில் காட்டி ஆறவிட்டு, இடதுகை மோதிரவிரலை ஸ்பிரிட்டால் துடைத்து, ஈரம் காய்ந்தபிறகு நுனியின் பக்கவாட்டில் ஒரே குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டைத்தான் கண்ணாடித் துண்டில் எடுப்பேன். மெலிதாக இழுத்துவிட்டு, காய்ந்ததும் அந்த ரத்தத்தின் ஓரத்திலேயே பென்சிலால் பெயரை எழுதுவேன். அதுவும் குத்துப்படுகிறவர் வாயாலேயே வந்த பெயராக இருக்கவேண்டும். ஆள் மாறினால் மருந்து மாறும், உயிர் போய்விடும்.

கூமாப்பட்டியில் என்னைக் கண்டதும் பாதி வீடுகள் சாத்திக்கொண்டன. ரத்தம் கொடுத்த பிள்ளை பிழைக்காது என்று யாரோ புரளி கிளப்பியிருந்தார்கள். ஒரு தாய் பூட்டிய வீட்டின் முன்னால் நின்றுகொண்டு, "எம் வீட்ல பிள்ளையே இல்லய்யா, போங்க" என்றாள். பொய் என்று முகமே சொன்னது. ஆனால் பூட்டை உடைக்கவா முடியும்?

உச்சிவெயில் நேரம். புளியமரத்தடியில் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். பத்து வயதிருக்கும், ஒரு பெண்பிள்ளை தானாக வந்து இடதுகையை நீட்டியது. மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு.

"பேர் என்னட்டி?"

"பேச்சி." வீடு எது என்று கேட்டதற்கு அந்தப் பூட்டிய வீட்டைக் காட்டியது.

விரல் நல்ல சூடாக இருந்தது. குத்தினேன். எந்தப் பிள்ளையானாலும் வீறிட்டு அழும், இது அசையவே இல்லை.

"வலிக்கலையாட்டி?"

"எனக்கு வலிக்கலய்யா. அவளுக்குத்தான் வலிக்கும்."

காய்ச்சல் உளறல் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியைக் காயவைத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, இந்தப் பேச்சிக்கு உடனே கொயினா மருந்து கொடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றார். வண்டி கட்டிக்கொண்டு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தத் தாய் என்னை முறைத்தாள்.

"எம் பிள்ளை வெளியவே வரலையே! பூட்டுச் சாவி எங்கிட்டல்லா இருந்துச்சு!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையில் தழும்பு இருக்கிற பிள்ளை உன் பிள்ளைதானே என்று கத்தினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது மூத்தவ காளி, அய்யா. அடுப்புல சுட்டுக்கிட்ட தழும்பு. போன மாசம் இதே காய்ச்சல்லதான் செத்துப்போனா. இவளையும் பறிகொடுத்துருவேனோன்னு ஒளிச்சு வச்சேன்."

அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். உள்ளே பாயில் ஆறு வயதுப் பேச்சி அனலாகக் கொதித்துக்கொண்டு கிடந்தது. மணிக்கட்டில் தழும்பு இல்லை. கொயினாவைக் கரைத்துப் புகட்டினேன். அடுத்தடுத்த நாட்களும் போய்க் கொடுத்தேன். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இன்று அதைத் தேவதானத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

அதுவரை சந்தோஷம்தான். ஆனால் அன்று நாடி பார்க்க அதன் இடதுகையைப் பிடித்தபோது, மோதிரவிரல் நுனியின் பக்கவாட்டில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. என் ஊசி குத்திய இடம் எனக்குத் தெரியாதா? நான் அதையே பார்ப்பதைக் கண்டு தாய் சொன்னாள்:

"நீங்க வந்த அன்னைக்கு உச்சிப்பொழுதுல, 'ஆத்தா, விரல்ல குத்துறாவ'ன்னு உள்ள கெடந்து கத்துனாய்யா. சன்னியில உளறுதான்னு விட்டுட்டேன்."

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. யார் கையைப் பிடித்துக் குத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தக் கண்ணாடியில் எழுதிய பெயர் மட்டும் சரியாகத்தான் இருந்தது.