நோரீன் வாயில ஒரு வாத்து

வாத்தெல்லாம் கெடையாதுங்க. நோரீன் வீட்ல ஒரு பூனை இருக்கு, அதுவும் ஒத்தக்கண்ணு. வாத்து அவ வாயில மட்டுந்தான் இருந்துச்சு.

காலைல ஆறே முக்காலுக்கு எங்க சமையக்கட்டோட பின்கதவ முதுகால தள்ளிக்கிட்டு வருவா. ரெண்டு கையிலயும் பை. "மார்னிங், டக்"னு எனக்கு ஒண்ணு. பாத்திரம் கழுவுற மெஷின முழங்கையால ஒரு இடி இடிச்சு, "இன்னிக்காவது மானத்தக் காப்பாத்து, டக்"னு அதுக்கு ஒண்ணு. பால் கொண்டாறவன், கூரையில ஒழுகற எடத்த அடைக்க வந்தவன், யாரா இருந்தாலும் டக்குதான். கோவம் வந்தாலும் அதே வார்த்ததான். "தொலைச்சுப்புடுவேன், டக்"ம்பா.

இங்கிலாந்துல இந்த இல்கெஸ்டன் பக்கமே அப்பிடித்தாங்க. டக்னா வாத்து. ஆனா கூப்பிடும்போது நம்ம ஊர்ல கண்ணு, ராசான்னு சொல்றோம்ல, அந்த மாதிரி. ஆம்பளைய ஆம்பளையே கூப்பிடுவான். மார்க்கெட்டுல ஆறடி லாரிக்காரன் இன்னொரு ஆறடி லாரிக்காரன "வழி விடு, டக்"னு சொல்லுவான், ரெண்டு பேரும் சிரிக்கக்கூட மாட்டாங்க.

நான் இந்த முதியோர் இல்லத்துக்கு சமையலுக்கு வந்து பதினாலு வருஷம். மொத நாளே நோரீன் எட்டிப் பாத்து, "டீ, டக்?"ன்னா. டக்குனு டீ போடச் சொல்றா, பெரிய அதிகாரி போலன்னு நெனச்சுட்டேன். நாலு நாள் விழுந்தடிச்சு டீ போட்டுக் குடுத்தேன். அஞ்சாவது நாள் அவ இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "எதுக்குய்யா இப்பிடி மூச்சு வாங்க ஓடியார? எங்கயாவது தீப்பிடிச்சிருக்கா, டக்?"ன்னா. நாலு நாளும் எனக்கு டீ வேணுமான்னுதான் கேட்டிருக்கா. அன்னிக்கு சிரிச்ச சிரிப்புல அவளுக்கு விக்கலே வந்துருச்சு.

வயசு அறுபத்து மூணு. நல்ல அகலமான உடம்பு, குதிகால்ல எப்பவும் ஒரு பிளாஸ்திரி. மத்தவங்க தட்டுல ஒதுக்கின ரொட்டி ஓரத்தத்தான் நின்னுக்கிட்டே தின்னுவா, தனக்குன்னு ஒரு தட்டு எடுத்து நான் பாத்ததில்ல. வேலை என்னன்னா சாப்பாட்டு வண்டி தள்றது, தானா சாப்பிட முடியாதவங்களுக்கு ஊட்டி விடறது. வீட்டுக்காரர் ட்ரெவர் இடுப்பு போயி வீட்டோட கெடக்கறாரு. இவ நடந்தாத்தான் அந்த வீடு நடக்கும்.

ஹொரேஸ்னு ஒரு பெரியவரு. தொண்ணூத்தொண்ணு வயசு, நிலக்கரிச் சுரங்கத்துல இருந்தவரு. நெனப்பு சுத்தமா போயிருச்சு. நர்ஸு வந்து ஊட்டினா தாடைய இறுக்கிப்பாரு, கடப்பாரைய விட்டுத்தான் நெம்பணும். நோரீன் மட்டும் எதுக்க உக்கார மாட்டா. அவருக்கு இடது பக்கமா, ஒரே பெஞ்சுல வேலைக்காரங்க உக்காந்து சாப்பிடற மாதிரி ஒட்டி உக்காருவா. "வாயத் தொற, டக்"ம்பா. ரேஷன் கடை ஷட்டர் மாதிரி வாய் தொறந்துக்கும். கஞ்சி, மசிச்ச உருளக்கெழங்கு, கஸ்டர்டு எல்லாம் உள்ள போயிரும்.

போன மார்ச்சுல புது மேனேஜர் வந்தாங்க. பிலிப்பா. தெக்க லண்டன் பக்கத்துக்காரங்க. வந்த மூணாவது நாளு, வராந்தாவுல கொதிக்கிற சூப்பு வண்டிய நோரீன் தள்ளிக்கிட்டு வர்றா, அந்தம்மா எதுக்க ஃபைலப் பாத்துக்கிட்டே வர்றாங்க. "பாத்து, டக்!"னு ஒரு சத்தம் போட்டா.

இங்கிலீஷ்ல டக்னா குனின்னும் அர்த்தம் இருக்குல்ல? மேலேர்ந்து என்னமோ விழுகுதுன்னு நெனச்சு அந்தம்மா ஃபைலத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு பொத்துனு தரையில உக்காந்துட்டாங்க. இந்த ஊருக்காரங்க யாரும் அந்த வார்த்தைக்கு குனிஞ்சதே இல்ல. ஹொரேஸ் கூட சிரிச்சாரு, அவரு சிரிச்சு ஒரு வருஷம் இருக்கும். நானும் சிரிச்சேன், பொய் சொல்லல.

அந்தச் சிரிப்பு அந்தம்மாவுக்கு செரிக்கல. அடுத்த வாரமே சுவத்துல ஒரு தாள். இங்க இருக்கறவங்கள மிஸ்டர், மிஸ்ஸஸ்னு குடும்பப் பேரோடதான் கூப்பிடணும். செல்லப் பேரு, பறவை மிருகம் பேரு எல்லாம் வயசானவங்களுக்கு அவமானம். மீறினா ரெண்டு தடவ எச்சரிக்கைக் கடுதாசி, மூணாவது தடவ வேலை கெடையாது.

நோரீனுக்கு பத்தே நாள்ல ரெண்டு கடுதாசியும் வந்துருச்சு. ரெண்டாவதக் குடுக்கும்போது, "தேங்க் யூ, டக்"னு வாங்கிக்கிட்டா. அவளுக்குத் தெரியாமலே வந்துருச்சு. அந்தம்மா அதையும் எழுதி வச்சுக்கிட்டாங்களாம். மூணாவதா எடுத்துக்கல, அதுவே பெரிய தயவு.

எங்க இல்லத்துல மிஸ் ஓர்ம்னு ஒரு ரிட்டயர்டு வாத்தியாரம்மா இருக்காங்க. இதக் கேட்டு அவங்களுக்குப் பொங்கிருச்சு. நோரீனக் கூப்பிட்டு உக்கார வச்சு, "அது பறவையே இல்லடி. பழைய காலத்துல டியூக் மாதிரி தலைவனுக்கு இருந்த பட்டம், அதுலேர்ந்து வந்துச்சுன்னு ஒரு கட்சி சொல்லுது. இல்ல, பறவைதான்னு இன்னொரு கட்சி. அந்தப் பறவைக்கே முங்கி எந்திரிக்கறதாலதான் அந்தப் பேரு"ன்னாங்க.

"அப்ப என் ஏப்ரன்? இந்த முரட்டுத் துணியையும் டக்குனுதான கடைல சொல்றான்?"

"அது ஹாலந்துக்காரன் வார்த்த. வாத்துக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல."

"கிரிக்கெட்டுல?"

"அது முட்டை. சைபர் வாத்து முட்ட மாதிரி இருக்குல்ல."

"ட்ரெவர் ஆயுசு பூரா அதான் எடுத்தான்"னா நோரீன். "பாருங்களேன், நாப்பது வருஷமா ஊர்ல இருக்கற களவாணிப் பயலயெல்லாம் தலைவரேன்னு கூப்பிட்டிருக்கேன். ஒருத்தனும் எந்திரிச்சு சீட்டுக் குடுத்ததில்ல."

மிஸ் ஓர்ம் இதையெல்லாம் மை ஊத்துற பேனாவால ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தாங்க. கை நடுக்கம், ரெண்டு நாள் ஆச்சு அதுக்கு. பிலிப்பா அம்மா மீட்டிங்குல படிச்சுட்டு மடிச்சு வச்சாங்க. "ரொம்ப சுவாரசியம். ஆனா ஒரு கட்சி இப்படி, ஒரு கட்சி அப்படின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. என்னன்னே உறுதியில்லாத பேரச் சொல்லி யாரையும் கூப்பிட முடியாது."

"மிஸ்டர்ங்கறது எஜமான்ங்கற வார்த்தையிலேர்ந்து வந்தது. அது உறுதி. உனக்கு அது பிடிச்சிருக்காக்கும்?"னு மிஸ் ஓர்ம் கேட்டாங்க. அந்தம்மா, "காப்பி ஆறுது, எல்லாரும் எடுத்துக்குங்க"ன்னாங்க. அவ்வளவுதான் மீட்டிங்கு.

மறுநாள்லேர்ந்து நோரீன் அந்த வார்த்தைய விட்டுட்டா. மொதல்ல நாக்க கடிச்சுக்கிட்டா, ரத்தம் வந்து உப்புத் தண்ணி கொப்புளிச்சா. நான் கேட்டேன், "ஏம்மா, இங்க மட்டும் அடக்கிக்க, கேட்டத் தாண்டினா யாரு கேக்கப் போறா?"

"எனக்கு உள்ளுக்கு ஒரு வாய், வெளிய ஒரு வாய்னு வச்சுக்கத் தெரியாது. ஒரு எடத்துல வந்துச்சுன்னா எல்லா எடத்துலயும் வந்துரும். இந்த இடுப்பு முறிஞ்ச மனுஷனுக்கு நீ வந்து சோறு போடுவியா?"ன்னா. மொதத் தடவையா அவ என்கிட்ட பேசினது டக்குங்கற வால் இல்லாம நின்னுச்சு. எனக்கு என்னமோ அறை வாங்கின மாதிரி இருந்துச்சு.

பஸ்காரன் கேட்டானாம், "என்ன, என் மேல கோவமா?"ன்னு. ட்ரெவர் ரெண்டு நாள் பேசலையாம், இவ சண்டைக்கு நிக்கறான்னு நெனச்சு.

இதுக்கு நடுவுல எனக்குப் பேத்தி பொறந்திருக்கா. அஞ்சு வாரம் ஆச்சு. அவ கொட்டாவி விட்டாலே போதுங்க, நான் அன்னிக்கு பூரா அதையே நெனச்சுக்கிட்டு உப்புப் போட மறந்துடறேன். ஞாயித்துக்கெழம நோரீன் அவளே பின்னின வெள்ளக் குல்லா ஒண்ணு எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தா. பேத்திய ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா. தலைய மோந்து பாத்தா. உதடு குவிஞ்சுச்சு. அப்பறம் மூடிக்கிச்சு. "ரொம்ப நல்லா இருக்காங்க"ன்னா. அஞ்சு வாரக் கொழந்தைய! சமையக்கட்டுல என் சம்சாரம் காதுல கேட்டா, "என்னங்க அவங்க, நம்ம புள்ளைய ஆபீசரப் பாக்க வந்த மாதிரி பாக்கறாங்க?"ன்னு.

ஹொரேஸ் சாப்பிட்டு இன்னியோட ஒம்பது நாள் ஆச்சு. உறிஞ்சு குழாயில பால் கொஞ்சம் போகுது, அவ்வளவுதான். குடும்பப் பேரச் சொல்லி "மிஸ்டர் பியர்ட்ஸ்லி"ன்னு நோரீன் கூப்பிட்டா கதவுப் பக்கம் திரும்பிப் பாக்கறாரு, யாரோ வேற ஆளு வந்திருக்கான்னு. சுரங்கத்துல அவர மிஸ்டர்னு எவன் கூப்பிட்டிருக்கப் போறான்? நேத்து அவரு எடை எழுதற அட்டையில பிலிப்பா அம்மா ஒரு சீட்டு ஒட்டியிருந்தாங்க. "உணவு ஊட்டுபவர் இன்னும் சற்று அன்பாக நடந்துகொள்ளவும்." நோரீன் அத ரெண்டு தரம் படிச்சா. கிழிக்கல. கையெழுத்துப் போடச் சொல்லியிருந்த எடத்துல போட்டுட்டு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா.

இன்னிக்குக் காலைல ஓட்ஸ் கஞ்சி. ஹொரேஸுக்குப் பிடிக்குமேன்னு நானே கொஞ்சம் வெல்லப்பாகு விட்டுக் குடுத்தேன். நோரீன் இடது பக்கம் ஒட்டி உக்காந்தா. ஜன்னலோரமா பிலிப்பா அம்மா அட்டைய வச்சுக்கிட்டு நின்னாங்க, பாத்துக்கிட்டே.

"மிஸ்டர் பியர்ட்ஸ்லி, கொஞ்சம் வாயத் தொறங்க."

அவரு தாடைய இறுக்கிக்கிட்டாரு. மெல்லத் திரும்பி அவ மூஞ்சியப் பாத்தாரு, நெஞ்சுல குத்தியிருந்த பேர அட்டையப் பாத்தாரு. அப்பறம் ரகசியம் கேக்கற மாதிரி குனிஞ்சு, "யம்மா, இங்க ஒருத்தி வருவாளே, குண்டா... என்னை டக்குனு கூப்பிடுவா. அவளக் காணமே, எங்க?"ன்னாரு.

நோரீன் கரண்டியில வழிஞ்ச கஞ்சிய கிண்ணத்து ஓரத்துல வழிச்சு விட்டா.

"அவங்க வேலைய விட்டுப் போயிட்டாங்க, மிஸ்டர் பியர்ட்ஸ்லி. நான் புதுசு."